பாடகர் மறைவும் அன்பர் நினைவும்: ஜிம்மி ராட்ஜர்ஸ் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

புறத்திணையின் கையறுநிலைப் பாடல்களைப் பயில்வோர் ஒன்றை எளிதில் உணர்வர். அங்கே மறைந்தவன் புரவலன். இரங்குவோர் புலவரும் பாணரும். அதியமான் மறைவுக்கு ஔவையார் இரங்கினார். பாரியின் மறைவுக்குக் கபிலர் இரங்கினார். கோப்பெருஞ்சோழனோடு உயிர் நீத்த பிசிராந்தையாரைப் போலப் புலவர் ஒருவரின் முடிவு பாடப்பெற்றதும் உண்டு. ஆயின், ஊர்தோறும் யாழொடு நடந்த பாணன் வழியிற் பிணியுற்று மாண்டால், அவன்பொருட்டு இரங்குதல் தனித் துறையாக வகுக்கப்பெறவில்லை. கொடுப்போன் மறைவு உலகின் இழப்பாயிற்று. பாடுவோன் மறைவு அவன் சுற்றத்தின் துயராகவே நின்றுவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. இசைத்தட்டு பரவிய பின்னர்ப் பாடுவோன் குரல் அவன் காணாத ஊர்களிலும், அவன் அறியாத மாந்தரின் வீடுகளிலும் ஒலிக்கத் தொடங்கியது. அவன் மறைந்தால் இரங்குவோர் அவனை ஒருமுறையும் கண்டிராத கேட்போரே. இவர்கள் இழந்தது யாது? குரல் தட்டில் இருக்கிறது. பாட்டு குறையாமல் இருக்கிறது. இருந்தும் இவர்கள் இரங்குகிறார்கள்; பாடல் புனைகிறார்கள்; கல் நாட்டுகிறார்கள்; ஆண்டுதோறும் கூடுகிறார்கள். இவ்வாறு காக்கப்படுவது மனிதனா, பாட்டா, அல்லது இரண்டும் அல்லாத வேறொன்றா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா.

இவ்வாராய்ச்சிக்கு அமெரிக்கக் கண்ட்ரி இசையின் முதற்பெரும் பாடகருள் ஒருவராகிய ஜிம்மி ராட்ஜர்ஸை (1897–1933) எடுத்துக்கொள்கிறோம். காரணம் இரண்டு. அவர் பாடிய காலம் ஆறு ஆண்டுகளுக்கும் குறைவு; அவர் நினைவு நிலவிய காலமோ தொண்ணூறு ஆண்டுகளையும் கடந்துவிட்டது. மேலும், அந்நினைவு இரங்கற்பாட்டு, கருவி, கல், கதை என நான்கு வடிவங்களில் நமக்குக் கிடைக்கிறது. நால்வகையையும் ஒருங்கு வைத்து நோக்க இத்தகைய வாய்ப்பு அரிதாகவே அமையும்.

அன்பர் பற்று திறனாய்வுக்குரிய பொருளன்று, அது சமூகவியலார் பார்க்க வேண்டியது என்று கூறுவார் உளர். அக்கூற்று நமக்கு உடன்பாடன்று. ஒரு பாட்டைக் கேட்டவன் அதனை எவ்வாறு மீளப் பாடினான், எதனை விட்டான், எதனைச் சேர்த்தான் என்று காண்பது பாட்டின் பொருளைக் காண்பதேயாகும். உரையாசிரியரை இலக்கியத்தினின்று பிரிக்க நாம் ஒருப்படுவதில்லை. அன்பனும் ஒருவகை உரையாசிரியனே.

பாடகரின் வாழ்வு

ஜிம்மி ராட்ஜர்ஸ் மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் நகரை ஒட்டி வாழ்ந்த குடும்பத்தினர். தந்தையார் இருப்புப்பாதைப் பணியாளர்களுக்குத் தலைவராக இருந்தவர். மகனும் இளமையிலேயே அப்பணியிற் புகுந்தார். தொடர்வண்டியில் தடை இயக்குபவராகப் பணியாற்றினார். பாதை செப்பனிட்ட கறுப்பினத் தொழிலாளர்க்குத் தண்ணீர் சுமந்து கொடுத்த சிறுவனாக இருந்தபோதே அவர்தம் பாட்டுகளைக் கேட்டுப் பழகினார் என்று அவர் வரலாறு கூறுவோர் எழுதியுள்ளனர். 1924ஆம் ஆண்டில் அவருக்குக் காசநோய் கண்டது. உடலுழைப்பு இயலாத நிலையில் பாட்டே அவர்க்குப் பிழைப்பாயிற்று.

1927 ஆகஸ்ட் 4ஆம் நாள், டென்னசி, வர்ஜீனியா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில் அமைந்த பிரிஸ்டல் நகரில், ரால்ஃப் பியர் என்பார் விக்டர் நிறுவனத்துக்காக அவரது முதற்பாடல்களைப் பதிவு செய்தார். அதே ஆண்டின் இறுதியில் பதிவான ‘புளூ யோடல்’ அவரை நாடறியச் செய்தது. யோடல் என்பது நெஞ்சுக் குரலினின்று தலைக் குரலுக்குத் திடீரெனத் தாவி மீளும் குரல்முறிப்பு. ஆல்ப்சு மலை நாட்டினரின் வழக்காக அறியப்பட்ட அதனைக் கறுப்பினத்தாரின் புளூஸ் பாட்டமைப்போடு இணைத்துப் பாடியதே ராட்ஜர்ஸின் தனித்தன்மை. 1933 மே மாதம் நியூயார்க் நகரில் அவர் இறுதியாகப் பாடியபோது, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே படுத்து இளைப்பாறுதற்குப் பதிவறையிலேயே கட்டில் இடப்பட்டிருந்தது. கடைசிப் பதிவு மே 24ஆம் நாள் நிகழ்ந்தது. மே 26ஆம் நாள் அவர் மறைந்தார். அகவை 35. அவர் உடல் தொடர்வண்டியிலேயே மெரிடியனுக்குச் சென்றது. வண்டி ஊரை நெருங்குகையில் ஓட்டுநர் ஊதலைத் தாழ்ந்த ஒலியில் இடைவிடாது ஒலித்து வந்தார் என்று அன்பர் இன்றும் கூறுவர்.

இரங்கற்பாட்டுகள்

நினைவின் முதல் வடிவம் இரங்கற்பாட்டு. ராட்ஜர்ஸ் மறைந்த அதே ஆண்டிலேயே அவர் வாழ்வையும் மறைவையும் பொருளாகக் கொண்ட பாட்டுகளை ஜீன் ஆட்ரி இசைத்தட்டிற் பாடினார். 1936இல் எர்னஸ்ட் டப் என்னும் இளைஞர் பாடிப் பதிவு செய்த முதற்பாடல்களுள் இரண்டு ராட்ஜர்ஸின் மறைவையும் அவர்தம் இறுதி எண்ணங்களையும் பற்றியவை. ராட்ஜர்ஸின் மனைவியார் காரி ராட்ஜர்ஸும் டப் கிடார் இசைக்க ஓர் இரங்கற்பாட்டைப் பதிவு செய்தார்.

இப்பாட்டுகளின் உண்மை உணர்ச்சியை நாம் ஐயுறவில்லை. ஆயினும் பாட்டு என்ற அளவில் இவை நிலைபெறவில்லை. டப்பின் அவ்விரு பாடல்களும் விற்பனையிற் சிறக்கவில்லை. இதற்குக் காரணம் யாது?

நம் கையறுநிலைப் பாடல்கள் மறைந்தவனை வருணிப்பதில் நின்றுவிடுவதில்லை. அவன் இல்லாத உலகை நோக்கித் திரும்புகின்றன. மன்றம் வெறிதாதல், மலை பிறர்க்குரியதாதல், மலர் பூத்தும் சூடுவார் இன்மை ஆகியவற்றிற் புலவனின் கண் பதிகிறது. இழப்பின் அளவை இழந்தவன் காட்டுவதில்லை. எஞ்சிய பொருள்கள் காட்டுகின்றன. ராட்ஜர்ஸுக்கு இரங்கியோர் மேற்கொண்ட நெறி வேறு. அவர்கள் மறைந்தவரின் பாடும் முறையிலேயே அவர் மறைவைப் பாட முயன்றார்கள். கேட்போர்க்கோ மூலக்குரல் தட்டிலேயே கிடைத்தது. நிழலைக் காட்டி உருவை நினைவூட்ட வேண்டிய தேவை அங்கில்லை.

இன்னுமொரு காரணமும் உண்டு. தம் மறைவை முதலிற் பாடியவர் ராட்ஜர்ஸே. 1931இல் அவர் பதிவு செய்த ‘டி. பி. புளூஸ்’ தம்மைத் தின்னும் நோயையும் தமக்கென அமையவிருந்த புதைகுழியையும் பற்றியது. அடுத்த ஆண்டில் அந்நோயை வென்றுவிடுவேன் என்னும் துணிவு தோன்ற வேறொரு பாட்டும் பாடினார். சாகப் போகிறவனே தன் கையறுநிலையைப் பாடி, அதனுள் நகையையும் கலந்து வைத்துவிட்டபின், பிறர் வந்து சேர்ப்பதற்கு எஞ்சியது சிறிதே. அழுகை பின்வந்தோரிடம் மிகுதி; அவலச்சுவையோ ராட்ஜர்ஸிடமே மிகுதி. இரண்டும் ஒன்றல்ல என்பதனை மெய்ப்பாட்டியல் பயின்றோர் நன்கு அறிவர்.

கிடாரும் வழித்தோன்றலும்

இரண்டாம் வடிவம் கருவி. டெக்சாஸில் 1914இல் பிறந்த எர்னஸ்ட் டப் ராட்ஜர்ஸை ஒருபோதும் நேரிற் கண்டதில்லை. இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டே பாடக் கற்றவர் அவர். 1935இல் தம் கணவரின் வரலாற்றை நூலாக வெளியிட்ட காரி ராட்ஜர்ஸ் அப்போது சான் அன்டோனியோ நகரில் வாழ்ந்து வந்தார். டப் அவரைத் தேடிச் சென்றார். அவ்வம்மையார் இளைஞரின் பாட்டைக் கேட்டு, விக்டர் நிறுவனத்தில் அவர் பாடுவதற்கு வழி செய்ததோடு, தம் கணவர் மீட்டிய மார்ட்டின் கிடாரையும் அவர் கையிற் கொடுத்தார். அதன் விரற்பலகையில் ராட்ஜர்ஸின் பெயர் முத்துச்சிப்பியால் இழைக்கப்பட்டிருந்தது. பின்புறத்தில் நன்றி என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல் தலைகீழாக எழுதப்பட்டிருந்தது. பாட்டு முடிந்ததும் கிடாரைத் திருப்பி அவையோர்க்குக் காட்டுவது ராட்ஜர்ஸின் வழக்கம்.

கருவியைப் பெற்றவர் மரபையும் பெற்றுவிட்டாரா? 1936இல் டப் பெற்றிருந்தது கருவி மட்டுமே. அவர் குரலிலும் யோடலிலும் ராட்ஜர்ஸை அப்படியே பின்பற்றினார். கேட்பார் குறைவாகவே இருந்தனர். 1939இல் அவர் தொண்டையிலிருந்த சதைகள் அறுவை செய்து அகற்றப்பட்டன. அதன்பின் அவருக்கு யோடல் வரவில்லை; குரலும் தாழ்ந்தது. பின்பற்றுதல் இயலாமற் போன பின்னரே டப் தமக்கெனப் பாட்டுகள் இயற்றலானார். 1941இல் வெளியான ‘வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ’ அவரை நாட்டின் முன்னணிப் பாடகராக்கியது. தாழ்ந்த குரலும், பேசுவது போன்ற எளிமையும், சுருதியிற் சிறிது விலகினாலும் தயங்காத இயல்பும் அவர்க்குரியனவாயின. இவற்றுள் ஒன்றும் ராட்ஜர்ஸிடமிருந்து படியெடுத்ததன்று. ஆயினும் எளிய மனிதன் தன் வாழ்வைத் தன் குரலிலேயே பாடலாம் என்னும் துணிவு ராட்ஜர்ஸ் தந்ததே. யோடலை இழந்தபின்னரே டப் ராட்ஜர்ஸின் உண்மையான வழித்தோன்றலானார் என்பது நம் துணிபு.

இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. மிசிசிப்பியில் 1910இல் பிறந்து ஹௌலின் வுல்ஃப் என்னும் பெயராற் புகழ்பெற்ற கறுப்பினப் புளூஸ் பாடகர், தாம் ராட்ஜர்ஸைப் போல யோடல் பாட முயன்றதாகவும், அது வாராமையால் ஓநாயைப் போல ஊளையிடலானதாகவும் கூறியுள்ளார். யோடல் அவர் தொண்டையில் உடைந்தது. உடைந்த இடத்தில் புதிதாய் ஒன்று பிறந்தது. அன்புமிக்க பின்பற்றுதல் தோல்வியுறும் இடத்திலேயே மரபு உயிர்பெறுகிறது என்று இவ்விரு சான்றுகளைக் கொண்டு கூறலாம்.

கல்லும் ஊரும்

மூன்றாம் வடிவம் நினைவுக்கல். 1953 மே 26ஆம் நாள், ராட்ஜர்ஸ் மறைந்த இருபதாம் ஆண்டு நிறைவில், மெரிடியனில் அவருக்கு நினைவுக்கல் திறக்கப்பட்டது. அம்முயற்சியில் முன்னின்றோர் டப்பும் ஹாங்க் ஸ்னோவும். ஸ்னோ கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். அவரும் 1914இல் தோன்றியவர். அவரும் ராட்ஜர்ஸைக் கண்டதில்லை. தம் மகனுக்கு ஜிம்மி ராட்ஜர்ஸ் ஸ்னோ என்றே பெயரிட்டவர் அவர். கண்ணாற் காணாத இருவர், கண்ட ஊராரை ஒன்றுகூட்டிக் கல் நாட்டினார்கள் என்பது நினைக்கத்தக்கது. அந்நாளை முதலாகக் கொண்டு மெரிடியனில் நினைவு விழா எடுக்கும் வழக்கம் தோன்றியது. 1976இல் நினைவகமும் திறக்கப்பட்டது.

நடுகல்லுக்குரிய நிலைகளைத் தொல்காப்பியர் வகுத்துக் கூறுகிறார். கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது ஈறாக அவை ஒரு முறையில் அமைகின்றன. அம்முறையை ஊன்றி நோக்கின், கல் நாட்டுதல் துயரின் வெளிப்பாடு மட்டுமன்று, துயரை ஒழுங்குபடுத்தும் செயலும் ஆகும் என்பது புலனாகும். மெரிடியனிலும் அதுவே நிகழ்ந்தது. அங்குக் கல் ராட்ஜர்ஸ் ஒருவர்க்கு மட்டும் உரியதாக அமையவில்லை. மறைந்த இருப்புப்பாதைப் பணியாளர்க்கும் உரியதாக அமைந்தது. நீராவி எஞ்சின் ஒன்றும் நினைவுச் சின்னமாக நிறுத்தப்பட்டது. 1950களில் அமெரிக்க இருப்புப்பாதைகளில் டீசல் எஞ்சின் நீராவி எஞ்சினை அகற்றிக்கொண்டிருந்தது என்பதை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். ஊரார் இரங்கியது ஒரு பாடகர்க்கு மட்டுமன்று. தம்மை வாழ்வித்த தொழிலுலகம் ஒன்று மறைவதற்குமாகும். ஒருவர் பெயரால் ஓர் ஊர் தன்னையே நினைத்துக்கொண்டது.

இந்நினைவில் ஒரு குறையும் உண்டு. தடை இயக்குபவர் தொப்பியணிந்த ராட்ஜர்ஸின் உருவமே அன்பர் உள்ளத்தில் நிலைத்தது. ஆனால் அவர் புகழ்பெற்ற காலத்தில் அப்பணியில் இல்லை. நோய் அவரை அதனின்று முன்பே அகற்றிவிட்டது. 1929இல் வெளிவந்த குறும்படத்திலும் விளம்பரப் படங்களிலும் அவர் பூண்ட கோலம் அது. கல் எதனையும் நிலைநிறுத்தும், கோலத்தையும் நிலைநிறுத்தும். நோயுற்று வேலை இழந்தவர் என்னும் உண்மை பின்னே மறைய, வேலைக்கோலம் முன்னே நின்றது. அவர் பாட்டுகளிலோ வேலையும் கூலியுமின்றி வண்டிக்குக் காத்திருக்கும் வழிப்போக்கனே மிகுதியும் பேசுகிறான். கல்லினும் பாட்டு மெய்ம்மைக்கு அணித்து எனலாம்.

செமிரோச்சா

நான்காம் வடிவம் அன்பர் என்று தம்மைக் கூறிக்கொள்ளாதவரிடம் கிடைப்பது. 1950ஆம் ஆண்டில் ஹ்யூ ட்ரேசி என்னும் இசையாய்வாளர் கென்யாவில் கிப்சிகிஸ் மக்களின் பாட்டுகளைப் பதிவு செய்தார். அவற்றுள் ‘செமிரோச்சா’ என்னும் பெயருடைய பாட்டுகள் இருந்தன. ஐரோப்பியர் வாயிலாக அந்நிலத்தை அடைந்த இசைத்தட்டுகளில் ராட்ஜர்ஸின் குரல் ஒலித்தது. அவர் பெயரே அம்மக்கள் நாவில் செமிரோச்சா ஆயிற்று.

பெயர் திரிந்த முறை மொழிநூலார்க்குச் சுவை பயப்பது. பிறமொழிச் சொல் புகும்போது அதன் ஒலிகள் புகுமொழியின் இயல்புக்கேற்ப அமைதல் நாம் அறிந்ததே. ஜிம்மி என்பது செமி ஆயிற்று. ராட்ஜர்ஸ் என்பது ரோச்சா ஆயிற்று. இரு சொல் ஒரு சொல் ஆயின. ‘செ’ என்னும் தொடக்கம் அம்மொழியிற் பெண்களின் பெயர்களிற் பெருவழக்கு. அயலார் ஒருவரின் பெயர் இவ்வாறு ஊர்ப்பெயரின் சாயலை எய்திற்று.

மூன்றாம் பாட்டை இளம்பெண்கள் யாழையொத்த நரம்புக்கருவியின் துணையோடு பாடுகின்றனர். ட்ரேசி தரும் குறிப்பின்படி, செமிரோச்சா பாதி மனிதன், பாதி மான். துள்ளியாடும் ஆட்டத்தை ஆடி, உடையே கழன்று விழும்படி குதிக்குமாறு பெண்கள் அவனை அழைக்கின்றனர். ட்ரேசி அவனைக் கிரேக்கரின் பான் என்னும் தெய்வத்தோடு ஒப்பிட்டார். இதனைக் கொண்டு பின்வந்தோர் பலர், ஆப்பிரிக்கப் பழங்குடியினர் அமெரிக்கப் பாடகரைத் தெய்வமாக்கி வணங்கினர் என்று எழுதலாயினர்.

இக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. பாட்டின் பொருள் என ட்ரேசி கூறுவது வணக்கம் அன்று. ஏளனம் கலந்த அழைப்பு. உடை கழலக் குதிக்குமாறு தெய்வத்தை வேண்டுவோர் அரியர். விருந்தாக வந்த வேடிக்கையாளனை அவ்வாறு கேலி செய்யும் பெண்கள் எவ்வூரிலும் உளர். கருப்பெட்டியிலிருந்து வரும் குரல், உடல் காணப்படவில்லை, அக்குரலோ திடீரென்று மேலே தாவுகிறது, மானைப் போல. உடலில்லாக் குரலுக்கு அக்குரலின் இயல்புக்கேற்ற உடலை அப்பெண்கள் தந்தனர் என்று கொள்வதே பொருந்தும். யோடலின் துள்ளலைத் துள்ளும் கால்களாகக் கண்டது, நாம் அறிந்தவரையில், ராட்ஜர்ஸின் இசைக்குக் கிடைத்த மிக நுண்ணிய உரைகளுள் ஒன்று. பான் என்னும் தெய்வம் ட்ரேசியின் கல்வியிலிருந்து வந்தது. மான்கால் அப்பெண்களின் செவியிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாக்குதல் திறனாய்வாளர்க்குத் தகாது.

அவர்கள் ராட்ஜர்ஸின் பிறப்பையும் இறப்பையும் அறிந்திலர். அவர் நினைவைக் காக்கவேண்டும் என்று எண்ணியவரும் அல்லர். எனினும் மெரிடியன் கல்லினும், 1936இன் இரங்கற்பாட்டுகளினும், இப்பாட்டில் அவர் மிகுந்த உயிரோடு துள்ளுகிறார்.

நினைவின் கடன்

இதுவரை கூறியவற்றால், பிழைபட நினைப்பதே சிறந்த நினைவு என்று நாம் கூறுவதாக ஒருவர் கருதலாம். பதிப்புப் பணியில் ஈடுபட்டோர் இதனைக் கேட்டு வருந்தவும் கூடும். பாடவேறுபாடுகளை ஒப்பிட்டுப் பிழை நீக்கி மூலம் காண்பதையே கடமையாகக் கொண்ட நாம், பிழைக்குப் பரிந்து பேசலாமோ? இவ்வினா எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று.

நினைவின் பிழை இருவகைப்படும். ஒன்று படைக்கும் பிழை. மற்றொன்று மறைக்கும் பிழை. டப்பின் தாழ்ந்த குரலும், வுல்ஃபின் ஊளையும், கிப்சிகிஸ் பெண்களின் மான்காலும் முதல்வகை. இவை ஒருவரிடமிருந்து பெற்றதை வேறொன்றாக்கி உலகுக்குத் திருப்பித் தந்தன. எவர்க்கும் உரியதை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வகையை ராட்ஜர்ஸின் நினைவிலேயே காணலாம்.

1961இல் கண்ட்ரி இசைப் பெருமக்கள் அவையில் முதன்முதல் இடம்பெற்ற மூவருள் ராட்ஜர்ஸ் ஒருவர். ஏனைய இருவர் ஃப்ரெட் ரோஸும் ஹாங்க் வில்லியம்ஸும். எல்லாவற்றையும் தொடங்கி வைத்தவர் என்னும் கருத்துப்பட அங்கு அவர் போற்றப்பட்டார். தொடங்கி வைத்தவர் என்று ஒருவரைச் சுட்டும்போது அவர்க்கு முன் பாடியவர் பெயர்கள் அழிகின்றன. அவர் புகழுக்கு அடிப்படையான புளூஸ் அமைப்பு கறுப்பின மக்கள் ஆக்கியது. இருப்புப்பாதையில் அவர்க்குப் பாட்டுக் கற்பித்தோர் எவரென்று எக்கல்லும் பெயர் சொல்லவில்லை. 1930 ஜூலை 16ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரிற் பதிவான ஒன்பதாம் ‘புளூ யோடலில்’ ஊதுகொம்பு இசைத்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ இசைத்தவர் அவர் மனைவியார் லில். தட்டின் மேல் அவர்கள் பெயர் அச்சிடப்படவில்லை. ‘டி. பி. புளூஸ்’ உருவானதில் டெக்சாஸ் சிறையிலிருந்த ரேமண்ட் ஹால் என்பார்க்குப் பங்குண்டு. காரி அம்மையாரின் தமக்கை எல்சி மக்வில்லியம்ஸ் பல பாடல்களை இயற்றித் தந்தார். அவை அனைத்திலும் அவர் பெயர் குறிக்கப்படவில்லை.

ஆகவே, ராட்ஜர்ஸின் குரல் என்று நாம் கேட்பது ஒருவர் குரல் அன்று. பலர் குரல் கூடிய ஒன்று. அன்பர் அதனை ஒருவர் பெயரில் அடக்கினர். அன்பு ஒருவரையே நோக்குவது. அஃது அதன் இயல்பு. அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் அன்பர் நோக்காத இடத்தை நோக்குவது திறனாய்வாளர் கடமை. மிசிசிப்பி மாநிலத்தின் புளூஸ் இசை வரலாற்றுப் பலகைகளுள் ஒன்று 2007இல் மெரிடியனில் நாட்டப்பட்டு, ராட்ஜர்ஸுக்கும் புளூஸுக்கும் உள்ள உறவை எடுத்துரைத்தது. முதற்கல் நாட்டியதற்கும் இப்பலகை நாட்டியதற்கும் இடையே ஐம்பத்து நான்கு ஆண்டுகள் சென்றன. காலம் தாழ்ந்தாலும் கடன் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு நினைவு மற்றொரு நினைவைத் திருத்தியதற்கு இஃது எடுத்துக்காட்டு.

கென்யாவிலும் இத்தகைய திருப்பம் நேர்ந்தது. ட்ரேசி 1954இல் நிறுவிய ஆப்பிரிக்க இசைக்கான பன்னாட்டு நூலகத்திற் காக்கப்பட்ட பதிவுகள், அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், கிப்சிகிஸ் மக்களின் ஊருக்கே எடுத்துச் செல்லப்பட்டன. கேட்டவர் பாடியவராகி, பாடியவர் மீண்டும் கேட்டவராயினர். தட்டின் வழியே சென்ற குரல் ஒன்று, உருமாறிப் பிறந்த இடத்திற்கே தட்டின் வழியே மீண்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, மறைந்த பாடகரின் நினைவு, அவரை அப்படியே படியெடுக்க முயலும்போது தளர்கிறது. படியெடுத்தல் இயலாமற் போகுமிடத்தில் வலிமை பெறுகிறது. இரண்டாவது, கல்லும் விழாவும் பாடகரை நினைப்பதோடு, நாட்டுவோர் தம் வாழ்வையும் நினைப்பனவாகும். அவற்றை அவ்வாறே படித்தறிதல் வேண்டும். மூன்றாவது, ஒருவரைப் போற்றும் நினைவு பலரை மறைக்கக் கூடும். மறைந்தவற்றை வெளிக்கொணர்தல் அன்புக்கு மாறானதன்று, அன்பின் நிறைவேயாகும்.

மூன்றாம் முடிவு நம் வகுப்பறைக்கும் உரியது. நாட்டுப்பாடல் தொகுக்கச் செல்லும் நம் மாணவர், பாட்டை எழுதிக்கொண்டு பாடினார் பெயரை எழுதாமல் திரும்புவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். கேட்டால், பாட்டு ஊருக்குப் பொது என்று விடை கூறுவர். பாட்டு பொதுவாகலாம், அதனை அன்று பாடிய தொண்டை ஒருவருடையது. ட்ரேசியின் குறிப்புகளில் குறை உண்டு. ஆயினும் மூன்றாம் செமிரோச்சாவைப் பாடிய பெண்ணின் பெயரை அவர் எழுதி வைத்தார். செமுத்தோய் கெட்டியென்யா என்பது அப்பெயர். அதனை அவர் எழுதியமையால், மெரிடியன் பாடகரை மானாகத் துள்ளச் செய்தவரை நாம் இன்று பெயர் சொல்லிப் போற்ற முடிகிறது. இருப்புப்பாதையில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே ஒரு சிறுவனுக்குப் பாட்டுக் கற்பித்தவரின் பெயரை எழுதுவார் அன்று இலர். அவர்பொருட்டு நாட்டக் கல் இல்லை. ராட்ஜர்ஸின் ஒவ்வொரு தட்டும் அவர்க்கும் உரியது என்பதை மறவாதிருப்பதே நாம் செய்யத்தக்கது.